பிறர் மேசைக்குச் சமைக்கும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பலெர்மோவிலும் நாப்போலியிலும் பொலோஞ்ஞாவிலும் இத்தாலியக் குடும்பங்களின் இல்லங்களிலே சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு ஆகிய பணிகளைச் செய்து பகற்பொழுதைக் கழித்து, அந்தி சாய்ந்தபின் தத்தம் வாடகை வீடுகளுக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்குச் சோறும் கறியும் ஆக்கிக் கொடுக்கும் தமிழ்ச் சகோதர சகோதரிகளாகிய உங்களுக்கு, அதே தொழிலில் தலைநரைத்தவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு இம்மடலை எழுத முற்படுகிறேன். ஓகஸ்ட் மாதம் நெருங்குகிறது. உரோமச் சக்கரவர்த்தி ஒகஸ்தஸ் காலத்து ஓய்வுநாளாகத் தொடங்கி, பிற்காலத்தில் மரியன்னையின் விண்ணேற்பு விழாவோடு இணைந்துவிட்ட பெர்ராகோஸ்தோத் திருநாள் 15-ஆந் திகதி வருகிறது. நாம் வேலை செய்யும் வீட்டார் கடற்கரையை நோக்கியும் மலையை நோக்கியும் புறப்பட்டுவிடுவர். ஆண்டு முழுவதும் பேருந்து நிறுத்தத்திலே மாத்திரம் ஒருவரையொருவர் கண்டு தலையசைத்துப் பிரியும் நாம், பலெர்மோவில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையடியிலுள்ள பவோரித்தாப் பூங்காவின் மரநிழலிலே பாய் விரித்து, ஒன்றாக இருந்து உண்போம். அந்தப் பொதுப் பந்தியிலே, தக்காளிப்பழமும் மொசரெல்லாவும் பசிலிக்கோ இலையும் சேர்ந்த சலாது ஒன்றுக்கு இவ்வாண்டு இடமளிக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கோடை பிறந்துவிட்டால் அந்தச் சலாதை நாள் தவறாமல் நறுக்கி அடுக்காத கை நம்மிடையே அரிது. கப்ரேசே என்று அவர்கள் அழைக்கும் அதை, எஜமானியம்மாள் எதிரே நின்று ஒரு சொல்லும் சொல்லாமலே, சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாக நிரையாய் அடுக்கி மேசைக்கு அனுப்பும் நேர்த்தி நம்மவர்க்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. ஆயினும் நம்முடைய சொந்த விருந்து என்று வரும்போது, பிரியாணியும் கோழிக்கறியும் றோல்ஸும் வடையும் பாய் நிறையப் பரப்பப்படுகின்றனவேயன்றி, இந்தப் பதார்த்தம் மட்டும் தலைகாட்டுவதில்லை. ஏன் என்று ஒரு சகோதரியைக் கேட்டபோது, "அது அவையின்ர சாப்பாடு, அண்ணை. வந்த சனத்துக்குப் பச்சையாய் வெட்டி வைச்சால் எங்களைப் பற்றி என்ன நினைக்குங்கள்?" என்று தயக்கத்துடன் பதில் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களிலும் இரண்டு ஆட்சேபணைகள் அடங்கியுள்ளன. இது நமக்குரியதன்று என்பது ஒன்று. அடுப்பேறாத பண்டம் விருந்தோம்பலுக்குக் குறைவு என்பது மற்றொன்று. இரண்டையும் மரியாதையுடன் மறுக்க விரும்புகிறேன்.

நமக்குரியதன்று என்று சொல்லுமுன், இத்தாலியருக்கு இது எவ்வளவு தூரம் உரியது என்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். தக்காளி இந்நாட்டின் பூர்வீகப் பயிரன்று. தென்னமெரிக்காவின் மேற்குப் பாகத்தைத் தாயகமாகக் கொண்ட அச்செடி, மெக்சிக்கோ நாட்டாரின் தோட்டங்களிலே பண்பட்டு, ஸ்பானியரின் கப்பல்களேறி 16-ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவை அடைந்தது. மத்தியோலி என்ற வைத்திய அறிஞர் 1544-இல் அதைக் கத்தரியோடு சேர்த்துப் பேசியதே இந்நாட்டில் அதைப் பற்றிய ஆரம்பக் குறிப்பாகும். அதன் பின்னரும் நெடுங்காலம் அதை ஐயத்துடனேயே நோக்கினர். நாப்போலியிலே அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690-களில் வெளியிட்ட சமையல் நூலிலே தக்காளிச் சாறு ஒன்று இடம்பெற்றபோது, அதற்கு ஸ்பானிய முறை என்றே அவர் பெயரிட்டிருந்தார். மொசரெல்லாவுக்குப் பால் தரும் எருமையோ, இந்தியத் துணைக்கண்டத்திலே மனிதரோடு பழகிய ஆற்றெருமையின் வழிவந்தது; அதன் சந்ததியே இன்று காம்பானியா மாகாணத்தில், பெஸ்தும் என்னும் பழம்பதியின் கிரேக்கக் கோயில்களைச் சுற்றியுள்ள சமவெளியிலே பட்டிபட்டியாக வளர்க்கப்படுகிறது. பசிலிக்கோ என்பது நம் ஊரிலே திருநீற்றுப்பச்சை என்று வேலியோரம் வளர்வதுதான். பலூடாவிலும் சர்பத்திலும் ஊறி மிதக்கும் கசகசா அதன் விதையே. ஆக, ஒன்று மேற்குக் கடலைக் கடந்தும் மற்றிரண்டு கீழ்த்திசையிலிருந்தும் வந்து சேர்ந்த பொருள்கள், காப்ரித் தீவின் பெயரைச் சூடி, இந்நாட்டுக் கொடியின் மூவர்ணமும் தாங்கி, சுதேசப் பண்டமாக மேசையில் வீற்றிருக்கின்றன. அவற்றுக்குக் கிடைத்த குடியுரிமை நம்முடைய பந்திக்கு மட்டும் செல்லாது என்று நாமே விலக்கி வைப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஆட்சேபணைக்கு விடை, அதைச் செய்யும் சிரத்தையில் இருக்கிறது. கறியென்றால் தேங்காய்ப்பாலும் சரக்குத்தூளும் புளியும் ஒன்றன் குறையை ஒன்று மூடிவிடும். சற்றே சுமாரான மரக்கறியும் நல்ல கைப்பக்குவத்தால் நல்ல கறியாகிவிடும். இந்தச் சலாதிலோ மறைப்பதற்கு எதுவுமில்லை. பழம் நன்றாயில்லையென்றால் சலாதும் நன்றாயிராது. எனவே இதன் சமையல் அடுப்பங்கரையில் நடைபெறுவதன்று. சந்தையிலே ஆரம்பித்துச் சந்தையிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வந்த விருந்தினருக்காக ஒவ்வொரு பழமாக எடுத்து, மோந்து, எடை பார்த்துத் தெரிந்தெடுப்பதைக் காட்டிலும் மேலான உபசாரம் வேறென்ன இருக்கிறது?

பலெர்மோவின் பல்லாரோச் சந்தையிலே ஓகஸ்ட் மாதத்துக் காலைப்பொழுதில் தக்காளி மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அவற்றுள் நீண்டு ஒடுங்கிய சான் மர்சானோ இனத்தவை சாறு காய்ச்சுவதற்கு உகந்தவை. நம் காரியத்துக்கு அவை வேண்டா. குவோரே தி புவே என்று சொல்லப்படும் பருத்த இனம், மாட்டின் இருதயம் போன்ற உருவுடன், உட்சதை நிறைந்து, விதை குறைந்து இருக்கும். அதையோ, உடம்பெல்லாம் வரிவரியாக மடிப்புடைய கொஸ்தலூத்தோ இனத்தையோ தேடுங்கள். கையில் எடுத்தால் அதன் பருமனுக்கு மிஞ்சிய கனம் இருக்க வேண்டும். காம்படியிலே மூக்கை வைத்தால், செடியை இப்பொழுதுதான் கிள்ளியது போன்ற காரமான பச்சை வாசனை எழ வேண்டும். முழுச் சிவப்பாகிக் குழைந்தது சாறுக்குப் போகட்டும். தோளிலே மெல்லிய பச்சைச் சாயல் இன்னும் மறையாத பழமே சலாதுக்கு ஏற்றது என்பது இந்நாட்டுக் கிழவிமார் எல்லோரும் ஒருமுகமாய்ச் சொல்லும் அபிப்பிராயம், என் அபிப்பிராயமும் அதுவே. அதில் இனிப்போடு புளிப்பும் நிற்கிறது. கத்தியின் கீழ் நசுங்காமல் துண்டாகிறது.

வாங்கிய பழத்தைக் குளிர்சாதனப்பெட்டியில் வைக்காதீர்கள். இம்மடலில் நான் சொல்வன யாவற்றையும் மறந்துவிட்டு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதையே வைத்துக்கொள்ளுங்கள். தக்காளியின் சுவை என்று நாம் எண்ணுவதில் பாதி நாக்கால் அறியப்படுவதன்று, மூக்கால் அறியப்படுவது. அந்தப் பரிமளத்தைத் தரும் நுண்பொருள்களைப் பழம் பறித்த பின்னும் இடைவிடாது உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. சுமார் 12 பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் அந்த உற்பத்தி தளர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஹரி கிளீ என்பவரின் குழுவினர் பழங்களை 5 பாகைக் குளிரில் ஒரு வாரம் வைத்துப் பின்னர் அறைவெப்பத்திலே ஒரு நாள் வைத்துப் பரிசோதித்து, 2016-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாக்கின: வெல்லமும் புளிப்பும் ஏறத்தாழ அவ்வாறே இருக்க, வாசனை மட்டும் குன்றிவிட்டது, வெளியே எடுத்து வைத்த பின்னும் அது முன்போல் மீளவில்லை. வாசனையைப் பிறப்பிக்கும் மரபணுக்களின் இயக்கத்தையே குளிர் ஒடுக்கிவிடுகிறது என்பதே அவர்கள் கண்ட காரணம். ஆகையால் பழங்களை ஒரு தட்டில் காம்புப்பக்கம் கீழாக, ஒன்றையொன்று நெருக்காமல், வெயில் படாத மேசையிலே வைத்துவிடுங்கள். ஓகஸ்ட் வெப்பத்தில் அழுகிவிடும் என்று அஞ்சுவோர் இரண்டு நாளைக்கு மேற்படாத அளவு வாங்கினால் போதும்.

பாற்கட்டியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எருமைப்பாலிலே கொழுப்பு நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு வரை உண்டு, பசுப்பாலினும் ஏறக்குறைய இருமடங்கு. அதைத் தோய்த்து, திரளும் தயிர்க்கட்டியை மோரிலே சில மணிநேரம் புளிக்கவிட்டு, கீற்றுக்கீற்றாக அரிந்து, கொதிநிலைக்கு அணித்தான வெந்நீரை ஊற்றி மரக்கோலால் கிண்டி இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க அது பட்டுப்போல் மினுங்கும் ஒரே பிண்டமாகத் திரளும். அதிலிருந்து பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருண்டை உருண்டையாகக் கிள்ளி நீரில் இடுகிறார்கள். அறுத்துப் பார்த்தால் வெங்காயத் தோல்போல் படலம் படலமாகப் பிரிவதும், வெட்டிய இடத்திலிருந்து வெண்பால் கசிவதும் இதனால்தான். காசேர்த்தா, சலெர்னோ முதலிய குறித்த மாவட்டங்களிலே செய்யப்படுவதற்கு மாத்திரமே காம்பானியா எருமை மொசரெல்லா என்ற பெயர் 1996 முதல் ஐரோப்பியச் சட்டத்தால் காக்கப்பட்டிருக்கிறது. செய்த அன்றோ மறுநாளோ உண்பதே அதன் மகிமை. நாப்போலியில் இருப்போர்க்கு அது எளிது. பலெர்மோவில் இருக்கும் நமக்கு அது கடல் கடந்து வரவேண்டிய பண்டம், விலையும் கூடுதல். அப்படியானால் பசுப்பாலில் செய்த புதிய பியோர் தி லாத்தே வாங்குங்கள், குறைவில்லை. அதுவும் நல்லதாக அகப்படாவிட்டால், சிசிலியின் செம்மறிப்பாலில் செய்த பிரிமோசாலேயை வாங்கி, பசிலிக்கோவுக்குப் பதிலாக உலர்ந்த ஓரிகானோவைக் கசக்கித் தூவுங்கள். கப்ரேசே என்ற பெயர் போய்விடும், ருசி போகாது. பீற்சாவுக்கென்று விற்கும் நீர்வற்றிய மஞ்சட்கட்டியை மட்டும் இதற்குக் கொண்டுவராதீர்கள். அது உருகுவதற்கென்றே உண்டாக்கப்பட்டது.

இவ்விடத்தில், நம்மவருள் அநேகர் அறியாதிருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது தகாது. ஓகஸ்ட் மாதம் பெரும்பாலும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவ காலமாகவும் அமைகிறது. கொடியேறி இருபத்தைந்து நாளும் மச்சமாமிசம் விலக்கி மரக்கறி காக்கும் வீடுகள் இந்நாட்டிலும் பல. பால்தானே என்று எண்ணி அவர்கள் இப்பாற்கட்டியை உண்கிறார்கள். ஆனால் சட்டத்தின் காவல்பெற்ற எருமை மொசரெல்லாவில் பாலைத் திரையச் செய்வது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள். பார்மிஜானோப் பாற்கட்டியும் அவ்வாறானதே. விரதம் காப்போர் பொதியிலுள்ள விபரத்தை வாசித்து, காலியோ வெஜெத்தாலே என்றோ காலியோ மிக்ரோபிக்கோ என்றோ அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். அவை தாவரத்திலிருந்தோ நுண்ணுயிரிலிருந்தோ பெறப்பட்டவை. பந்தியிலே விரதக்காரரும் பிறரும் கலந்திருப்பார்களாதலால், இவ்வகைப் பாற்கட்டியையே எல்லோருக்கும் பொதுவாக வாங்கிவிடுவது உத்தமம். ஒருவர் மனத்திலும் சங்கடமின்றி எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனிச் செய்முறை. பத்துப் பேருக்குத் தக்காளி 2 கிலோ, பாற்கட்டி 1 கிலோ, பசிலிக்கோ ஒரு பெரிய கட்டு, முதல் பிழிவான ஒலிவ் எண்ணெய் அரைக் கோப்பை, கல்லுப்பு. இவற்றை வீட்டிலேயே நறுக்கிக் கலந்து டப்பாவில் அடைத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை இதன் விஷயத்தில் விட்டுவிட வேண்டும். தக்காளியிலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். உப்புப் பட்டவுடன் அது வெளியே பாயும். ஒரு மணிநேரத்தில் சலாது நனைந்த துணியாகிவிடும். பழத்தை முழுதாகவும், பாற்கட்டியை அதன் நீரோடு மூடிய பையிலும், இலைகளை ஈரத்துணியில் சுற்றியும், எண்ணெயையும் உப்பையும் தனித்தனியாகவும் கூடையில் வைத்து, பலகையும் பற்கள் கொண்ட கத்தியும் கூட எடுத்துச் செல்லுங்கள். பாற்கட்டி குளிர்சாதனப்பெட்டியிலிருந்து வந்ததென்றால் உண்ணுமுன் ஒரு மணிநேரம் வெளியே இருக்கட்டும். அவசரமானால் பையோடு இளஞ்சூட்டு நீரில் சற்று நேரம் வையுங்கள். குளிர்ந்த பாற்கட்டிக்கு ருசியில்லை, அதன் கொழுப்பு நாவில் இளகுவதில்லை.

சனங்கள் பாயில் அமரத் தொடங்கும்போது நீங்கள் நறுக்கத் தொடங்குங்கள். தக்காளியை ஒரு விரற்கிடையிலும் சற்று மெல்லிய வட்டங்களாக அரியுங்கள். விதையைச் சுற்றிய கூழ்ப்பகுதியை நீக்காதீர்கள், சதையைக் காட்டிலும் அதில்தான் ருசி செறிந்திருக்கிறது. அகன்ற தட்டிலே பரப்பி, உப்பைத் தூவி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பாற்கட்டியை நீரிலிருந்து எடுத்து வடியவிட்டு, கத்தியால் வில்லை போடாமல் கையாலேயே பிய்த்து இடையிடையே வையுங்கள். எஜமானர் வீட்டு மேசைக்கு நிரையாக அடுக்குவது அழகாயிருக்கலாம். நம் பந்திக்குப் பிய்த்ததே நல்லது, ஏனெனில் சொரசொரத்த முகங்களிலே எண்ணெயும் சாறும் நன்றாகப் பற்றுகின்றன. பசிலிக்கோ இலைகளைக் கடைசியாகக் கிள்ளிப் போடுங்கள், கத்தி பட்டு நேரம் சென்றால் கறுத்துவிடும். எண்ணெய் எல்லாவற்றுக்கும் மேலாக, தாராளமாக. காஸ்தெல்வெத்ரானோப் பக்கத்து நொச்செல்லாரா ஒலிவில் பிழிந்த எண்ணெய் தொண்டையிலே மெல்லிய காரத்தோடு இறங்கும். இதற்கு அதனிலும் பொருத்தமானதை நான் அறியேன்.

சேர்க்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். இனிப்புக் கலந்த கறுத்த வினாகிரி வேண்டா. தக்காளியின் சொந்தப் புளிப்பே போதுமானது. தேசிக்காயும் வேண்டா. மிளகாய்த்தூளை ஒரு சிட்டிகை தூவினால் என்ன என்று நம் கை துடிக்கும் என்பதை நான் நன்கறிவேன். உறைப்பு வேண்டுவோருக்குக் கட்டைச்சம்பல் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தனியே தொட்டுக்கொள்ளட்டும். பிரியாணியின் நெய்யும் கோழிக்கறியின் உறைப்பும் நாவைச் சலிப்புறச் செய்யும் தருணத்திலே, இந்தச் சலாதின் குளுமையும் சாந்தமும் எவ்வளவு இதமாயிருக்கும் என்பதை அன்று நீங்களே அனுபவித்து அறிவீர்கள்.

பொதுத்தட்டென்றால் எச்சில் படுமே என்று பெரியவர்கள் தயங்கக்கூடும். தட்டுக்கு இரண்டு பெரிய அகப்பைகள் வையுங்கள். அவரவர் தம் கோப்பையில் எடுத்துக்கொள்வர். இந்நாட்டிலே பிறந்து பள்ளி உணவுச்சாலையில் இதைச் சாதாரணமாக உண்டு பழகிய நம் பிள்ளைகளிடமே பரிமாறும் பொறுப்பை ஒப்படையுங்கள். வீட்டுக்கு வெளியே தாம் அறிந்த உணவைத் தாய்தகப்பன் கையால் செய்து தமிழ்ப் பந்தியிலே கண்டால் அவர்கள் அடையும் சந்தோஷத்தை நான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். தட்டின் அடியில் தக்காளிச் சாறும் பாலும் எண்ணெயும் கலந்து தேங்கும். அதை ஒருவரும் கொட்டிவிடாதீர்கள். எள்ளுத் தூவிய சிசிலிப் பாணைத் துண்டுதுண்டாகப் பிய்த்து ஒற்றி உண்ணுங்கள். எஞ்சிய சலாதை மறுநாளைக்கென்று எடுத்து வைப்பதில் பிரயோசனமில்லை. அன்றிரவே வெந்த பாஸ்தாவில் கொட்டிக் கிளறினால் பிள்ளைகளுக்கு இராச்சாப்பாடாகிவிடும்.

15-ஆந் திகதி விடுமுறையாகையால் காலையில் கடைகளை நம்பியிராமல், 14-ஆந் திகதியே தக்காளியையும் பாணையும் வாங்கிவிடுங்கள். பாற்கட்டிக்கு இரண்டு நாள் முன்னரே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஓகஸ்டிலே வேலை வீட்டாரோடு கடற்கரைக்குச் செல்ல வேண்டிய கட்டாயமுள்ளவர்கள் மனம் வருந்த வேண்டா. செப்டம்பர் 4-ஆந் திகதி பலெர்மோவின் காவற்புனிதை சாந்தா றொசாலியாவின் திருநாள். சைவரும் கத்தோலிக்கருமாக நம்மவர் மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி அவ்வன்னையைத் தரிசித்து இறங்கும்போது, தக்காளியும் இன்னும் நன்றாகவே இருக்கும். அன்றைக்கும் ஒரு தட்டு வைப்போம். எண்ணெயும் பலகையும் கத்தியும் நான் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் அன்பன்,
சமையற்கட்டில் உங்களோடு நிற்பவன்